எண்ணியல் திரையின் வரலாறு – 9: பதிவுக்கு ஒரு கோப்பு, பகிர்வுக்கு ஒரு கோப்பு

சென்ற பகுதியில் விவரிக்கப்பட்ட எம்பெக்-1, எம்பெக்-2 ஆகிய தரநிலைகள், அசையும் படத்தை எண்களாக்கிச் சுருக்குவது எப்படி என்ற கேள்விக்கு 1990களின் நடுப்பகுதிக்குள் ஏற்கத்தக்க விடையைத் தந்திருந்தன. நாசிர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோர் 1974-இல் வெளியிட்ட கொசைன் உருமாற்றமும், அடுத்தடுத்த சட்டகங்களுக்கிடையே மாறியவற்றை மட்டும் குறித்துக்கொள்ளும் அசைவுக் கணிப்பும் அவ்விடையின் இரு தூண்களாக இருந்தன. எனினும், சுருக்கிய படத்தை எத்தகைய கோப்பில் இடுவது, அதைப் பெறுபவர் தம்மிடமுள்ள கருவியில் எவ்வாறு திறப்பார் என்ற மற்றொரு கேள்வி அப்போதும் தீராமலே இருந்தது. அது ஓரளவு தீர்வதற்கு மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. படத்தைப் பதிவு செய்வதற்கு ஏற்ற கோப்பும் பிறருக்கு அனுப்புவதற்கு ஏற்ற கோப்பும் ஒன்றல்ல என்பதும், அனுப்பும் கோப்பின் வடிவத்தை அனுப்புபவரின் விருப்பத்தைவிடப் பெறுபவரின் கருவியே முடிவு செய்துவந்தது என்பதும் அந்த இருபது ஆண்டு வரலாற்றில் மீண்டும் மீண்டும் வெளிப்பட்ட உண்மைகளாகும்.

இரண்டு அடுக்குகள்

காணொளிக் கோப்பு ஒவ்வொன்றும் இரண்டு அடுக்குகளால் ஆனது. படத்தையும் ஒலியையும் சுருக்கி எழுதவும், எழுதியதை மீண்டும் விரித்துக் காட்டவும் பயன்படும் கணித நெறிமுறை கோடெக் எனப்படும்; எம்பெக்-2, எச்.264, ஏவி1 போன்றவை படத்துக்கான கோடெக்குகள், எம்பி3, ஏஏசி போன்றவை ஒலிக்கான கோடெக்குகள். இவ்வாறு சுருக்கப்பட்ட பட ஓடையையும் ஒலி ஓடையையும் ஒரே கோப்பில் அடுக்கி, எந்தப் படத்துண்டு எந்த நொடியில் தோன்றவேண்டும், அதனுடன் எந்த ஒலித்துண்டு இணையவேண்டும் என்ற குறிப்புகளையும் சேர்த்து வைக்கும் அமைப்பு கொள்கலன் எனப்படும். ஏவிஐ, எம்பி4, எம்கேவி ஆகியவை கொள்கலன்கள். கோப்பின் பெயருக்குப் பின் புள்ளியிட்டு வரும் எழுத்துகள் கொள்கலனை மட்டுமே குறிக்கின்றன, உள்ளிருக்கும் கோடெக்கைக் குறிப்பதில்லை. ஒரே பின்னொட்டைக் கொண்ட இரு கோப்புகளில் ஒன்று தொலைக்காட்சியில் ஓடுவதும் மற்றொன்று ஒலி மட்டும் தந்து படம் காட்டாமல் நிற்பதும் இதனால்தான்.

சுருக்கம் எவ்வளவு தவிர்க்க முடியாதது என்பதை ஒரு சிறு கணக்குக் காட்டும். 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட படத்தில், ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட் வீதம், நொடிக்கு 25 சட்டகங்களைச் சுருக்காமல் எழுதினால் நொடி ஒன்றுக்கு ஏறத்தாழ 124 கோடி பிட்டுகள் தேவைப்படும். ஒரு நிமிடப் பதிவு 9 கிகாபைட்டைத் தாண்டும். அதே நிமிடத்தை நொடிக்கு 8 மெகாபிட் வீதத்தில் எச்.264 கோடெக்கால் சுருக்கினால் 60 மெகாபைட்டில் அடங்கிவிடும். நொடி ஒன்றுக்குச் செலவாகும் பிட்டுகளின் இந்த அளவே பிட் வீதம் எனப்படுகிறது. கோப்பின் அளவு, அதை அனுப்பும் நேரம், படத்தின் தெளிவு ஆகிய மூன்றையும் இந்த ஒரே எண் கட்டுப்படுத்துகிறது.

குவிக்டைமும் ஏவிஐயும்

ஆப்பிள் நிறுவனம் 1991 டிசம்பரில் வெளியிட்ட குவிக்டைம், தனிக் கருவி எதையும் செருகாமல் மேசைக் கணினியிலேயே படம் ஓட்டுவதை இயல்பான செயலாக்கிய முதல் பெரிய முயற்சியாகும். புரூஸ் லீக் தலைமையில் உருவான அந்த மென்பொருளில் முதலில் ஓடிய படங்கள் பெரும்பாலும் 160 புள்ளி அகலமும் 120 புள்ளி உயரமுமே கொண்டவை. சூப்பர்மேக் நிறுவனத்தில் பீட்டர் பாரெட் உருவாக்கிய சினிபேக் என்னும் கோடெக், குறுந்தகடு நொடிக்கு 150 கிலோபைட் மட்டுமே தரக்கூடிய காலத்தில் 320க்கு 240 புள்ளி அளவுள்ள படத்தை அந்த வரம்புக்குள் அடக்கியது. சினிபேக் இன்று வழக்கொழிந்துவிட்டது. ஆனால் குவிக்டைமுக்காக வகுக்கப்பட்ட கோப்பின் உள்ளமைப்பு மறையவில்லை, பிற்கால வரலாறு முழுவதையும் அதுவே தாங்கி நின்றது.

அந்த உள்ளமைப்பு, ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் சிறு பகுதிகளால் ஆனது. ஆப்பிள் அவற்றை அணுக்கள் என்றும், பின்னாளில் பன்னாட்டுத் தரநிலை அவற்றைப் பெட்டிகள் என்றும் பெயரிட்டன. படமும் ஒலியுமான தரவுகள் முழுவதும் ‘எம்டாட்’ என்ற பெரிய பெட்டியில் கிடக்கும்; அவை கோப்பில் எந்த இடத்தில் உள்ளன, ஒவ்வொன்றும் எத்தனை பைட் நீளம், எந்தக் கணத்தில் காட்டப்படவேண்டும் என்பவற்றைப் பட்டியலிடும் அட்டவணைகள் ‘மூவ்’ என்ற மற்றொரு பெட்டியில் இருக்கும். நூலின் பக்கங்களும் பொருளடக்கமும் போல இவ்விரண்டும் தனித்தனியே நிற்பதால், படத்தொகுப்பாளர் ஒரு காட்சியை வெட்டி வேறிடத்தில் வைக்கும்போது தரவைத் தொடாமல் அட்டவணையை மட்டும் திருத்தினால் போதும். இவ்வடிவம் ஒளிபரப்பை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டதன்று, தொகுப்பு மேசைக்காக வகுக்கப்பட்டது. அதன் வலிமையும் பிற்காலத்தில் வெளிப்பட்ட பலவீனமும் இந்தப் பிறப்பிலிருந்தே வந்தவை.

மைக்ரோசாஃப்ட் 1992 நவம்பரில் ‘வீடியோ ஃபார் விண்டோஸ்’ என்ற மென்பொருளுடன் ஏவிஐ வடிவத்தை வெளியிட்டது. ஐபிஎம் நிறுவனத்துடன் இணைந்து முந்தைய ஆண்டு வகுத்த ரிஃப் என்ற பொது அமைப்பின் மீது கட்டப்பட்ட ஏவிஐயில், படத்துண்டும் ஒலித்துண்டும் மாறிமாறி அடுக்கப்பட்டு, கோப்பின் இறுதியில் ஓர் எளிய அட்டவணை சேர்க்கப்பட்டது. எழுதுவதற்கும் படிப்பதற்கும் அது எளிதாக இருந்தது. ஆனால் அதன் முதல் வடிவத்தில் கோப்பின் அளவு நடைமுறையில் 2 கிகாபைட்டைத் தாண்ட இயலவில்லை. அதுவரை யாரும் பொருட்படுத்தாத இவ்வரம்பு, 1995-இல் டிவி என்னும் எண்ணியல் நாடாவைக் கொண்ட கேமராக்கள் சந்தைக்கு வந்ததும் கடும் தடையாயிற்று. படத்துக்கு மட்டும் நொடிக்கு 25 மெகாபிட் செலவிட்ட டிவி வடிவம், ஒலியும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 கிகாபைட்டை விழுங்கியதால், நாடாவிலிருந்து கணினிக்கு மாற்றப்படும் பதிவு பத்து நிமிடத்தை எட்டுமுன்னரே ஏவிஐ கோப்பு நிரம்பிவிடும் நிலை ஏற்பட்டது. மேட்ராக்ஸ் நிறுவனத்தை மையமாகக் கொண்ட குழு 1996-இல் ‘ஓபன்டிஎம்எல்’ என்ற விரிவாக்கத்தை வகுத்து இவ்வரம்பை அகற்றியது.

வட்டு வகுத்த விதி

இதே காலத்தில் வீட்டு வரவேற்பறையில் கோப்பு வடிவம் என்ற பேச்சே எழவில்லை, ஏனெனில் அங்கு வட்டே வடிவத்தை முடிவு செய்தது. 1993-இல் வகுக்கப்பட்ட வீடியோ சிடி, எம்பெக்-1 கோடெக்கில், ஐரோப்பிய-ஆசியத் தொலைக்காட்சி முறையில் 352க்கு 288 புள்ளி அளவில், 74 நிமிடப் படத்தை ஒரே தகட்டில் அடக்கியது. மேலைநாடுகளில் அது அதிகம் பரவவில்லை. சீனா, தென்கிழக்காசியா, இந்தியா, இலங்கை ஆகியவற்றில் விலைகுறைந்த விசிடி பிளேயர்கள் வழியாக வீடுதோறும் நுழைந்தது. தமிழகத்தில் திரைப்படங்கள் மட்டுமன்றித் திருமணப் பதிவுகளும் நாடாவிலிருந்து விசிடிக்கும், பின்னர் எம்பெக்-2 கோடெக்கைப் பயன்படுத்திய டிவிடிக்கும் மாறின. வீடியோ எடுப்பவர் எத்தகைய கேமராவில் பதிந்தாலும், குடும்பத்தாரிடம் தரும் பிரதி அவர்கள் வீட்டுப் பிளேயர் ஏற்கும் வடிவில்தான் இருக்கவேண்டியிருந்தது. பதிவின் வடிவமும் பகிர்வின் வடிவமும் பிரிந்து நின்ற முதல் பெரும் காலகட்டம் இதுவேயாகும்.

குவிக்டைம் உலகத் தரநிலையாதல்

இத்தாலியின் டூரின் நகரிலிருந்த சிசெல்ட் ஆய்வகத்தின் லியோனார்தோ கியாரிலியோனேயும் ஜப்பானின் என்டிடி நிறுவனத்தைச் சேர்ந்த ஹிரோஷி யசுதாவும் 1988-இல் தொடங்கிய எம்பெக் குழு, வட்டுக்கும் ஒளிபரப்புக்கும் அடுத்ததாக இணையத்தையும் கைப்பேசியையும் நோக்கி எம்பெக்-4 பணியில் இறங்கியபோது, அதற்கென ஒரு கோப்பு வடிவமும் தேவைப்பட்டது. ஆப்பிள், ஐபிஎம், நெட்ஸ்கேப், ஆரக்கிள், சிலிக்கான் கிராபிக்ஸ், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆகிய ஆறு நிறுவனங்கள் கூடி முன்மொழிந்ததை ஏற்று, ஐஎஸ்ஓ எனப்படும் பன்னாட்டுத் தரநிலை அமைப்பு 1998 பிப்ரவரியில் குவிக்டைம் கோப்பின் உள்ளமைப்பையே எம்பெக்-4 கோப்பின் அடித்தளமாக ஏற்பதாக அறிவித்தது. அதன் விளைவாக எம்பி4 வடிவம் 2001-இல் முதன்முறையும், 2003-இல் எம்பெக்-4 தரநிலையின் 14ஆம் பகுதியாகத் திருத்தப்பட்டும் வெளியாயிற்று. ஒரு நிறுவனத்தின் தனி உடைமையாக இருந்த வடிவம், எந்த உற்பத்தியாளரும் ஆவணத்தைப் படித்துத் தம் கருவியில் நிறைவேற்றக்கூடிய பொது வடிவமாக மாறியது இந்த வழியில்தான்.

அதே மரத்தின் மற்றொரு கிளையாக, மூன்றாம் தலைமுறைக் கைப்பேசிகளுக்காக 3ஜிபிபி கூட்டமைப்பு வகுத்த 3ஜிபி வடிவம் உருவாயிற்று. வண்ணத்திரைக் கைப்பேசிகளின் தொடக்க ஆண்டுகளில் அவற்றின் கேமரா பதிந்த துண்டுகள் பெரும்பாலும் 176க்கு 144 புள்ளி அளவில், எச்.263 கோடெக்கில், தொலைபேசிப் பேச்சுக்கென வடிவமைக்கப்பட்ட ஏஎம்ஆர் ஒலியுடன் 3ஜிபி கோப்புகளாக இருந்தன. இசையும் கூட்ட ஒலியும் அவற்றில் தகரத்தைத் தட்டியதுபோலக் கேட்டதற்குக் காரணம், பேச்சுக் குரலுக்கு வேண்டிய அலைவெண்களை மட்டுமே ஏஎம்ஆர் காத்துவைத்தமையாகும். ஆயினும் புளூடூத் வழியாக ஒரு கைப்பேசியிலிருந்து மற்றொன்றுக்கு, வேறு நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும், அனுப்பியவுடன் திறக்கக்கூடிய படம் என்ற அனுபவத்தைப் பெருந்திரளான மக்கள் முதன்முதலில் பெற்றது இந்த எளிய வடிவத்தின் மூலமே.

வரம்பு மீறிய ஏவிஐயும் அதன் வாரிசும்

கணினிப் பயனர்களிடையே வேறொரு வரலாறு நடந்துகொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரரான ஜெரோம் ரோத்தா, மைக்ரோசாஃப்ட் தன் ஏஎஸ்எஃப் கோப்புக்குள் மட்டும் பூட்டிவைத்திருந்த எம்பெக்-4 கோடெக்கின் பூட்டைக் களைந்து ஏவிஐ கோப்பிலும் இயங்கச் செய்ததிலிருந்து டிவிஎக்ஸ் பிறந்தது. 2001-இல் அதன் திறந்தமூலப் போட்டியாக எக்ஸ்விட் தொடங்கியது. ஒரு டிவிடி திரைப்படத்தை 700 மெகாபைட் குறுந்தகட்டில் அடக்கும் வழக்கம் இவற்றால் உலகெங்கும் பரவியது, அதில் பெரும்பகுதி உரிமை பெறாத பிரதியெடுப்பு என்பதும் மறைக்க இயலாத உண்மையாகும். ஆனால் முன்னும் பின்னும் உள்ள சட்டகங்கள் இரண்டையும் பார்த்துக் கணிக்கப்படும் சட்டகங்கள், வீதம் மாறிக்கொண்டே செல்லும் எம்பி3 ஒலி, ஒரே படத்தில் பல மொழி ஒலித்தடங்கள், துணைத்தலைப்புகள் ஆகியவற்றுக்கு 1992-இன் ஏவிஐ அமைப்பில் முறையான இடமில்லை. அவை தந்திரங்களால் திணிக்கப்பட்டன, அதனால் சில கருவிகளில் ஒலி படத்தை விட்டு விலகி ஓடியது.

இந்தப் போதாமையிலிருந்து 2002 டிசம்பரில் மெட்ரோஸ்கா என்ற கொள்கலன் உருவாயிற்று. ஸ்டீவ் லோம் முதலானோர் முந்தைய எம்சிஎஃப் திட்டத்திலிருந்து பிரிந்து தொடங்கிய இம்முயற்சி, காப்புரிமைக் கட்டணமின்றி, எந்தக் கோடெக்கையும், எத்தனை தடங்களையும் ஏற்கும் எம்கேவி கோப்பைத் தந்தது. இதில் தரவு சிறு சிறு கொத்துகளாக, ஒவ்வொன்றும் தன் நேரக்குறிப்புடன் எழுதப்படுவதால், இறுதி அட்டவணை எழுதப்படாமல் போனாலும் அதுவரை எழுதியவற்றைப் படிக்க இயலும். பாரிசின் எகோல் சென்ட்ரால் மாணவர் திட்டமாகத் தொடங்கி 2001-இல் திறந்தமூலமாக்கப்பட்ட விஎல்சி போன்ற இயக்கிகள் எம்கேவியைத் தயக்கமின்றி ஏற்றன. ஆனால் வீட்டுப் பிளேயர்களும் கைப்பேசிகளும் நெடுங்காலம் அதைப் புறக்கணித்தன. தொழில்நுட்பத்தில் மேம்பட்ட கொள்கலன் பகிர்வில் பின்தங்கியதற்கு இதைத் தவிர வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

எச்.264: கருவிகள் ஒப்புக்கொண்ட மொழி

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் எம்பெக் குழுவும் கூட்டாக அமைத்த குழு, கேரி சல்லிவன், அஜய் லூத்ரா, தாமஸ் வீகாண்ட் ஆகியோரின் தலைமையில் பணியாற்றி, 2003 மே மாதத்தில் எச்.264 தரநிலையை நிறைவு செய்தது. எம்பெக்-2 தந்த தெளிவை அதில் ஏறத்தாழ பாதிப் பிட் வீதத்திலேயே தரவல்லதாக அது இருந்தது. பகிர்வின் வரலாற்றில் அதைவிட முக்கியமானது, அது கோடெக்கின் திறன்களைப் படிநிலைகளாகப் பிரித்த முறையாகும். பேஸ்லைன், மெயின், ஹை என்ற வகைகள் எந்தெந்தச் சுருக்க உத்திகள் பயன்படும் என்பதையும், எண்களால் குறிக்கப்படும் நிலைகள் படத்தின் அளவும் வேகமும் எதுவரை செல்லலாம் என்பதையும் வரையறுத்தன. ஒரு கருவி தன் வகையையும் நிலையையும் அறிவித்துவிட்டால், அதற்குள் அடங்கும் எந்தக் கோப்பும் அதில் ஓடும் என்ற உறுதி கிடைத்தது; சில்லு உற்பத்தியாளர்கள் அதற்கென மின்சுற்றுகளையே வடித்ததால், சிறிய மின்கலத்தில் இயங்கும் கைப்பேசியும் மணிக்கணக்கில் படம் காட்ட இயன்றது.

இணையத்தில் மட்டும் வேறொரு வடிவம் முதலில் கோலோச்சியது. மேக்ரோமீடியா நிறுவனத்தின் ஃபிளாஷ் செருகுநிரல் அப்போது ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் இருந்தமையால், 2005-இல் தொடங்கிய யூடியூப் தன் படங்களை அதற்குரிய எஃப்எல்வி கோப்புகளாக, தொடக்கத்தில் 320க்கு 240 புள்ளி அளவில் வழங்கியது. பயனர் எந்த வடிவில் பதிவேற்றினாலும் தளமே அதை மாற்றிக்கொண்டது என்பதே அதன் வெற்றிக்குப் பெரிதும் உதவிய ஏற்பாடு. வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் சுமை முதன்முறையாக அனுப்புபவரின் தோளிலிருந்து இடையில் நிற்கும் சேவையகத்துக்கு மாறியது. 2007-இல் வந்த ஐபோன் ஃபிளாஷை ஏற்கவில்லை, ஆகவே யூடியூப் அதே ஆண்டில் தன் படங்களை எச்.264 வடிவிலும் மாற்றத் தொடங்கியது. ஃபிளாஷே அவ்வாண்டின் இறுதியில் எச்.264ஐ ஏற்றுக்கொண்டது.

செருகுநிரலின்றி உலாவியே படம் காட்டவேண்டும் என்ற எச்டிஎம்எல்5 முயற்சியில், எல்லாரும் ஏற்கும் ஒரே கோடெக்கை விதிக்க முயன்றபோது பெரும் பூசல் எழுந்தது. கட்டணமற்ற ஓக் தியோராவைப் பரிந்துரைத்த வாசகம், ஆப்பிள், நோக்கியா ஆகியவற்றின் எதிர்ப்பால் 2007 டிசம்பரில் வரைவிலிருந்து நீக்கப்பட்டது, எச்.264க்கோ காப்புரிமை உரிமத்தொகை இருந்தமையால் மொசில்லா அதை ஏற்க மறுத்தது. ஆன்2 நிறுவனத்தை வாங்கிய கூகுள், 2010 மே மாதத்தில் விபி8 கோடெக்கைக் கட்டணமின்றித் திறந்துவிட்டு, மெட்ரோஸ்கா அமைப்பைத் தழுவிய வெப்எம் கொள்கலனை அறிவித்தது. எச்.264 காப்புரிமைகளைத் திரட்டி உரிமம் வழங்கிய எம்பெக் எல்ஏ, பார்வையாளருக்கு இலவசமாக வழங்கப்படும் இணையப் படங்களுக்கு என்றுமே கட்டணம் கேட்பதில்லை என்று அதே ஆண்டு ஆகஸ்டில் அறிவித்தது. இறுதியில் 2012-இல் மொசில்லாவும் கருவிகளிலேயே உள்ள எச்.264 விரிப்பிகளைப் பயன்படுத்த இசைந்தது. 2013-இல் சிஸ்கோ தன் செலவில் உரிமத்தொகை கட்டி ஒரு திறந்தமூல எச்.264 மென்பொருளை வழங்க முன்வந்தது. எம்பி4 கொள்கலனில் எச்.264 படமும் ஏஏசி ஒலியும் என்ற சேர்க்கை, யாருடைய ஆணையாலும் அன்றி, மறுப்பவர் எவரும் எஞ்சாமையால் பொது வடிவமாயிற்று.

பொருளடக்கம் இறுதியில் எழுதப்படுவதன் விளைவு

வென்ற வடிவத்தின் பலவீனம் அதன் வெற்றிக்குப் பின்னரே பரவலாக உணரப்பட்டது. பதிவு முடியும்வரை எத்தனை சட்டகங்கள் இருக்கும், ஒவ்வொன்றும் எத்தனை பைட் நீளம் என்பது தெரியாது. ஆகவே பதிவுக்கருவி படத்தரவை எம்டாட் பெட்டியில் தொடர்ந்து எழுதிச்சென்று, நிறுத்துபொத்தான் அழுத்தப்பட்ட பிறகே மூவ் பெட்டியைக் கோப்பின் இறுதியில் எழுதுகிறது. இடையில் மின்சாரம் நின்றாலோ, மின்கலம் தீர்ந்தாலோ, மென்பொருள் முடங்கினாலோ, தரவு முழுவதும் வட்டில் இருந்தும் அட்டவணை இல்லாமையால் கோப்பு திறப்பதில்லை. இரண்டு மணி நேரப் பதிவு, இயங்காத பைட் குவியலாகக் கிடக்கும். இதே அமைப்பு இணையத்திலும் இடர் தந்தது: மூவ் பெட்டி இறுதியில் இருந்தால், அதைப் பெறும்வரை உலாவியால் முதல் சட்டகத்தையும் காட்ட இயலாது. அட்டவணையைக் கோப்பின் முன்பகுதிக்கு நகர்த்தும் சிறு கருவிகள் இதற்காக எழுதப்பட்டன. ஏற்றுமதி செய்யும் மென்பொருள்களில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்’ என்றோ ‘இணையத்துக்கு உகந்தது’ என்றோ காணப்படும் தேர்வு செய்யும் பணி இதுவே.

பதிவுக்கென வகுக்கப்பட்ட வடிவங்கள் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கின்றன. எம்பெக்-2 தரநிலையின் ஒளிபரப்பு ஓடை, 188 பைட் நீளமுள்ள சிறு பொதிகளாக அமைந்து, எந்த இடத்தில் துண்டித்தாலும் அதுவரையிலும் அதன் பின்னும் படிக்கக்கூடியதாக வகுக்கப்பட்டது, ஏனெனில் தொலைக்காட்சியை நிகழ்ச்சியின் நடுவில் போடுபவருக்கும் படம் தெரியவேண்டும். சோனியும் பானசோனிக்கும் 2006-இல் அறிவித்த ஏவிசிஎச்டி கேமராக்கள் இந்த ஓடையையே எம்டிஎஸ் கோப்புகளாக எழுதின. பதிவில் அவை உறுதியாக இருந்தன, ஆனால் கணினிக்கு மாற்றி உறவினருக்கு அனுப்ப முயன்றவர்களுக்குப் பெரும் தலைவலியாயின. திரைப்பதிவுக்கும் நேரலைக்கும் பெயர்பெற்ற ஓபிஎஸ் மென்பொருள், எம்கேவி கோப்பாகப் பதிந்து, முடிந்தபின் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளுமாறு நெடுங்காலம் பரிந்துரைத்து வந்தது. அட்டவணையைச் சிறு சிறு பகுதிகளாக இடையிடையே எழுதி, இறுதியில் அவற்றை ஒன்றாக்கும் கலப்பு எம்பி4 முறையை அது 2024-இல் அறிமுகம் செய்தது. பதிவின் தேவையையும் பகிர்வின் தேவையையும் ஒரே கோப்பில் இணைக்க எடுக்கப்பட்ட அண்மைக்கால முயற்சிகளுள் இதுவும் ஒன்று.

மாற்றுவதன் இரு வகைகள்

கொள்கலனை மட்டும் மாற்றுவதும் கோடெக்கையே மாற்றுவதும் வெவ்வேறு செயல்கள் என்பது இவ்வரலாற்றின் நடைமுறைப் பயன்களுள் தலையாயது. எச்.264 படமுள்ள எம்கேவி கோப்பை எம்பி4 ஆக்கும்போது, சுருக்கிய தரவு பைட் மாறாமல் அப்படியே புதிய பெட்டிகளில் அடுக்கப்படுகிறது. சில நொடிகளில் முடியும் இச்செயலில் தெளிவு சிறிதும் குறைவதில்லை. கோடெக்கை மாற்றும்போதோ படம் முழுவதும் விரிக்கப்பட்டு மீண்டும் சுருக்கப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நுணுக்கங்கள் இழக்கப்படுகின்றன, இழந்தவற்றை எந்த உயர்ந்த பிட் வீதமும் மீட்டுத் தருவதில்லை. ஃபாப்ரிஸ் பெல்லார் 2000-இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற திறந்தமூல மென்பொருள் இவ்விரு செயல்களையும் செய்யவல்லது, இன்றைய மாற்றிகள் பலவற்றின் உள்ளே இயங்குவதும் அதுவே.

நீண்ட பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுப்பதிலும் இவ்வேறுபாடு தலைகாட்டுகிறது. சுருக்கப்பட்ட ஓடையில் தன்னளவில் முழுமையான சட்டகங்கள் இடையிடையே சிலவே வருகின்றன; மற்றவை அவற்றிலிருந்து மாறியவற்றை மட்டும் கொண்டவை. மறுசுருக்கமின்றி வெட்டவேண்டுமாயின் முழுச் சட்டகம் உள்ள இடத்திலிருந்தே தொடங்கவேண்டும். விரும்பிய நொடியில் துல்லியமாக வெட்டவேண்டுமாயின் குறைந்தது அப்பகுதியையாவது மீண்டும் சுருக்கவேண்டும். தொழில்முறைத் தொகுப்பாளர்கள் ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனியே சுருக்கும் கோடெக்குகளை நாடுவது இதனால்தான். ஆப்பிள் 2007-இல் வெளியிட்ட புரோரெஸ் 422, முழு எச்டி படத்துக்கு நொடிக்கு 147 மெகாபிட் வரை செலவிடுகிறது; பல கைகள் மாறும் தொகுப்புப் பணிக்கு அது தகும், ஆனால் கைப்பேசிக்கு அனுப்பும் படத்துக்கு அது பொருளற்ற செலவாகும்.

கண்காணிப்புக் கேமராக்களின் உலகில் இப்பிரிவு சட்டத்தின் வாசலையே தொட்டது. பல உற்பத்தியாளர்களின் பதிவுக்கருவிகள் தத்தம் தனி வடிவங்களில் எழுதியதால், காவல்துறையினர் பெற்ற பதிவை அந்தந்த நிறுவனத்தின் இயக்கியைத் தேடிப்பிடித்தே திறக்கவேண்டியிருந்தது. 2008-இல் ஆக்சிஸ், பாஷ், சோனி ஆகியவை தொடங்கிய ஆன்விஃப் அமைப்பு, எம்பி4 குடும்பத்தின் உள்ளமைப்பையே அடிப்படையாகக் கொண்ட ஏற்றுமதி வடிவத்தை வகுத்தது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்கீழ் தரப்படும் சான்றிதழ், மின்னணுப் பதிவின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்ணைக் குறிப்பிடவேண்டும். கொள்கலனை மட்டும் மாற்றினாலும் அவ்வெண் மாறிவிடும் என்பதால், மூலக்கோப்பைத் தொடாமல் காத்துவைத்து, பார்ப்பதற்கென எம்பி4 பிரதியைத் தனியே எடுப்பதே தகுந்த முறையாகிறது.

மீண்டும் பிரியும் பாதை

2013-இல் வெளிவந்த எச்.265, எச்.264ஐவிட ஏறத்தாழ பாதிப் பிட் வீதத்தில் அதே தெளிவைத் தருகிறது. ஆப்பிள் 2017-இல் தன் புதிய கைப்பேசிகளின் கேமராவை அதற்கு மாற்றியது. எனினும், பழைய கணினிகளும் தொலைக்காட்சிகளும் அதை விரிக்க இயலாமையால், இடமிச்சம் தரும் வடிவில் பதிவதா, எங்கும் ஓடும் வடிவில் பதிவதா என்று கேட்கும் தெரிவு ஒன்றை அக்கைப்பேசியின் அமைப்புகளிலேயே வைக்கவேண்டியிருந்தது. செய்திச் செயலிகள் இச்சிக்கலைத் தம் வழியில் தீர்த்துக்கொண்டன: வாட்ஸ்அப் நெடுங்காலம் விதித்திருந்த 16 மெகாபைட் வரம்புக்குள் மூன்று நிமிடப் படத்தை அடக்க, ஒலியும் சேர்த்து நொடிக்கு 0.7 மெகாபிட் அளவே எஞ்சியது. அத்தகைய செயலிகள் படத்தைத் தாமே மீண்டும் சுருக்குவதால், காட்சியின் தெளிவு தேவைப்படுபவர்கள் அதே கோப்பை ஆவணமாக இணைத்து அனுப்பும் வழக்கமும் உருவாயிற்று.

இவ்வரலாறு ஏற்றுமதிப் பட்டியலின் முன் நிற்பவருக்குத் தரும் வழிகாட்டுதல் சுருக்கமானது. இடையில் அறுந்தாலும் பிழைக்கும் வடிவில் பதிவதும், அந்த மூலத்தை மாற்றாமல் காப்பதும், தொகுக்கவேண்டியிருந்தால் தொகுப்புக்குரிய கோடெக்கை நாடுவதும், அனுப்பும் பிரதியைப் பெறுநரிடம் உள்ள கருவிகளில் மிகப் பழையது ஏற்கும் வடிவில் எடுப்பதுமே அது. அப்பிரதிக்கு இன்றுவரை எம்பி4, எச்.264, ஏஏசி என்ற மூன்றின் சேர்க்கையே பொருத்தமான விடையாக நிற்கிறது. அச்சேர்க்கை வென்றது அதன் காப்புரிமையாளர்கள் ஒரு கட்டத்தில் இணங்கி வந்தமையால்தான், எச்.265இன் காப்புரிமையாளர்கள் ஒரே அணியில் திரளாமல் பல அணிகளாகப் பிரிந்து தனித்தனியே கட்டணம் கேட்டதும், அதற்கு விடையாக 2015-இல் கூகுள், நெட்ஃபிளிக்ஸ், அமேசான், மொசில்லா முதலிய நிறுவனங்கள் கூட்டணி அமைத்து 2018-இல் ஏவி1 கோடெக்கை வெளியிட்டதும் அடுத்த பகுதியில் விரிவாகக் கூறப்படும்.